பத்து மொழி தெரியும்... மொழியைத் தெரியுமா?

உங்க ரெஸ்யூமை ஒரு நிமிஷம் கையில எடுங்க. 'தெரிந்த மொழிகள்'னு ஒரு வரி இருக்குமே... சி, சி++, ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட்னு ரயில் பெட்டி மாதிரி நீளுதா? சந்தோஷம். இப்போ ஒரே ஒரு கேள்வி. மேற்கோள் குறிக்குள்ள இருக்கிற 5-ஐயும், சும்மா இருக்கிற 3-ஐயும் கூட்டினா என்ன வரும்?

'எல்.கே.ஜி கணக்கா?'ன்னு சிரிக்காதீங்க. பைத்தான், 'அதெல்லாம் முடியாது'ன்னு எரர் காட்டி நின்னுடும். ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் ரெண்டையும் ஒட்டவெச்சு 53-னு கொடுக்கும். பி.ஹெச்.பி சமத்துப் பிள்ளையா 8-னு சொல்லும். சி இருக்கே, அதுதான் வில்லங்கமான ஆளு. பேசாம கம்பைல் ஆகிடும். அந்த எழுத்து மெமரியில இருக்கிற இடத்துலேர்ந்து மூணு இடம் தள்ளி, நமக்குச் சொந்தமே இல்லாத ஒரு முகவரியைக் கையில கொடுத்துட்டுப் போயிடும்.

ஒரே கணக்கு. நாலு விதமான பதில். எந்த மொழி என்ன சொல்லும்னு மனப்பாடம் பண்ணலாம். ஆனா, ஏன் அப்படிச் சொல்லுதுன்னு கேட்கிறதுக்குன்னே ஒரு பேப்பர் இருக்கு. 'பிரின்சிபிள்ஸ் ஆஃப் புரோகிராமிங் லாங்வேஜஸ்'. எலெக்டிவ் எடுக்கிற சீசன்ல, "அது வெறும் தியரிடா மச்சி, ப்ளேஸ்மென்ட்டுக்கு உதவாது"ன்னு சீனியர்கள் ஓரங்கட்டுவாங்களே, அதே பேப்பர்தான்!

அமெரிக்காவுல சியாட்டில் நகரத்துல இருக்கிற வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல டேன் கிராஸ்மன்னு ஒரு பேராசிரியர். இதே சப்ஜெக்ட்டை அவர் நடத்தின விதம் ரொம்பப் பிரபலம். 2013-ல அதை கோர்செரா மூலமா ஆன்லைன்லயும் கொண்டுவந்தார். அதுல வர்ற மொழிகள் மூணு: ஸ்டாண்டர்டு எம்.எல்., ராக்கெட், ரூபி. 'முதல் ரெண்டையும் எந்த கம்பெனி கேட்கும்?'னு தோணுதா? அவர் நோக்கமே வேற. ஸ்டாண்டர்டு எம்.எல். ஃபங்ஷன்களை மையமா வெச்ச மொழி. டைப் தப்பை ஓடுறதுக்கு முன்னாடியே பிடிச்சிடும். ராக்கெட்டும் ஃபங்ஷன் மொழிதான். ஆனா, டைப்பை ஓடும்போதுதான் பார்க்கும். ரூபி ஆப்ஜெக்ட்டுகளை மையமா வெச்சது. அதுவும் ஓடும்போதுதான் பார்க்கும். ஆப்ஜெக்ட் மொழியா இருந்து முன்கூட்டியே டைப் பார்க்கிற ஜாவா நமக்கு ஏற்கெனவே தெரியும். நாலு கட்டம் போட்டா, நாலும் நிரம்பிடுச்சு பாருங்க! இனிமே எந்தப் புது மொழி வந்தாலும், அது எந்தக் கட்டத்துல உட்காரும்னு பார்த்தாலே பாதி மொழி பிடிபட்டுடும்.

இந்தப் பேப்பர் கையில கொடுக்கிறது சில கேள்விகளைத்தான். முக்கியமா மூணு.

ஒண்ணு: இந்தப் பேர் யாரைக் குறிக்குது? வெளியில எக்ஸ்னு ஒரு வேரியபிள், மதிப்பு 10. அதை பிரின்ட் பண்ண ஒரு ஃபங்ஷன். இன்னொரு ஃபங்ஷன், தனக்குள்ள சொந்தமா எக்ஸ் 20-ன்னு வெச்சுக்கிட்டு முதல் ஃபங்ஷனைக் கூப்பிடுது. என்ன பிரின்ட் ஆகும்? சி-யும் பைத்தானும் 10 சொல்லும். ஃபங்ஷன் எழுதப்பட்ட இடத்தைப் பார்க்கும். உங்க லேப்ல இருக்கிற லினக்ஸின் பாஷ் ஷெல்லுல, லோக்கல்னு அறிவிச்சு இதையே எழுதிப் பாருங்க. 20 வரும்! அது ஃபங்ஷனைக் கூப்பிட்டது யாருன்னு பார்க்குது. பிளஸ் டூவுல கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவங்க 'ஸ்கோப்பிங்'னு ஒரு பாடத்தை உருப்போட்டிருப்பீங்களே... அதுக்கு உயிர் வர்ற இடம் இதுதான்.

ரெண்டு: ஃபங்ஷனுக்கு நாம அனுப்புறது பொருளா, அதோட நகலா? ஜாவாவுல ரெண்டு ஆப்ஜெக்ட்டை இடம் மாத்த ஒரு ஸ்வாப் மெத்தட் எழுதுங்க. உள்ளே மாறும், வெளியே மாறாது. ஏன்னா, ஜாவா எப்பவும் மதிப்பைத்தான் நகலெடுத்து அனுப்பும்; ஆப்ஜெக்ட் விஷயத்துல அந்த மதிப்பே ஒரு ரெஃபரன்ஸ். இன்டர்வியூவுல பல பேரைத் திணறவைக்கிற கேள்வி இது. 'தியரி பேப்பர் ப்ளேஸ்மென்ட்டுக்கு உதவாது'ன்னு சொன்ன சீனியரைக் கொஞ்சம் கூட்டிட்டு வாங்க!

மூணு: தப்பு நடந்தா மொழி எப்போ சொல்லும், சொன்னா யார் கேட்பாங்க? இந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒரு ராக்கெட் வெடிச்ச கதை இருக்கு.

1996 ஜூன் 4. ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணம். கிளம்பி ஒரு நிமிஷம்கூட ஆகலை, பாதை மாறி வெடிச்சுச் சிதறிடுச்சு. காரணம், பழைய ஏரியான் 4-லேர்ந்து எடுத்து அப்படியே வெச்ச ஏடா மொழி புரோகிராம். ஒரு 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணா மாத்துற இடம். அந்த 16 பிட்டுக்குள்ள 32,767-க்கு மேல கொள்ளாது. ஏரியான் 4-ல அந்த மதிப்பு எல்லையைத் தாண்டலை. ஏரியான் 5 வேறு பாதையில, வேகமா போற ராக்கெட், தாண்டிடுச்சு. ஏடா சும்மா இருக்கலை, 'இது தப்பு'ன்னு எக்ஸெப்ஷன் கொடுத்துச்சு. ஆனா, அதைப் பிடிச்சு சமாளிக்க அந்த இடத்துல கோடு எழுதப்படலை. பிராசஸருக்குச் சுமை ஏறக்கூடாதுன்னு சில மாற்றங்களுக்கு மட்டும் பாதுகாப்பு போட்டு, மத்ததை விட்டிருந்தாங்க. மாத்து ஏற்பாடா இருந்த இன்னொரு கருவியிலும் அதே புரோகிராம். அதனால ரெண்டுமே படுத்துடுச்சு. உச்சக்கட்டம் என்னன்னா, அந்தக் கணக்கு ராக்கெட் கிளம்பின பிறகு ஏரியான் 5-க்குத் தேவையே இல்லை!

மொழி தன் வேலையைச் செஞ்சுது. எல்லையில மொழி என்ன பண்ணும், அதுக்கு நாம என்ன பண்ணணும்கிற கேள்விதான் புது ராக்கெட்டுக்காகத் திரும்பக் கேட்கப்படலை.

இன்னிக்கு ஏ.ஐ. கிட்ட கேட்டா எந்த மொழியிலயும் கோடு கொட்டும். எழுதுற வேலை குறையக் குறைய, படிச்சுப் பார்த்து 'இது சரியா?'ன்னு கேட்கிற வேலைதான் நம்ம தலையில விழும். அதுவும்போக, மொழிகள் ஒரே மாதிரி நிக்கிறதில்லை. பைத்தான் 2-ல 7-ஐ 2-ஆல் வகுத்தா 3. பைத்தான் 3-ல 3.5. அந்த பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஓட முடிஞ்சுபோச்சு. விடையை மனப்பாடம் பண்ணினவங்க மாட்டிக்கிட்டாங்க. முழு எண்ணும் தசமமும் வேற வேற டைப்னு புரிஞ்சவங்க ஒரு வரியைத் திருத்திட்டுப் போயிட்டாங்க.

அதனால, எலெக்டிவ் லிஸ்ட் வரும்போது இந்தப் பேரைப் பார்த்தா ஓடாதீங்க. ஏற்கெனவே எடுத்து மாட்டிக்கிட்டவங்களுக்கு ஒரு வழி: பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி நோட்ஸ் ஜெராக்ஸோட உட்காராம, வாரத்துக்கு ஒரு கேள்வி எடுங்க. பத்து வரி புரோகிராம். அதையே உங்களுக்குத் தெரிஞ்ச மூணு மொழியில எழுதுங்க. ரன் பண்றதுக்கு முன்னாடி, என்ன வரும்னு பேப்பர்ல எழுதி வெச்சிடுங்க. அப்புறம் ஓட்டிப் பாருங்க. விடை மாறுற இடத்துலதான் அந்த வாரப் பாடம் இருக்கு.

முதல் கேள்வியை நானே கொடுத்துட்டேன். மேற்கோளுக்குள்ள 5, வெளியில 3. ரூபியில என்ன வரும்? லேப்புக்குப் போறதுக்கு முன்னாடி எழுதி வெச்சிடுங்க, பார்ப்போம்!