பட்டியலில் வராத கடன்



வட்டியும் அடகும் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரை பலரையும் பேனா எடுக்க வைத்துவிட்டது. மேசையில் கிடக்கும் கடிதங்களில் பாதிக்கு மேல் கடன் கதைதான். அவற்றில் ஒரு தாயாரின் கடிதத்தை இங்கே எடுத்துப் பேசலாம் என்று நினைக்கிறேன். தொலைபேசியில் அனுமதி கேட்டபோது, "எழுதுங்கோ, ஆனால் ஊரைப் போட்டிடாதேங்கோ" என்றார். போடவில்லை. சுன்னாகம் சந்தைக்கு மரக்கறி வாங்க வந்து போகும் தூரம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மகன் இங்கிலாந்தில். அந்த நாட்டுக் குடியுரிமையும் எடுத்தாயிற்று. கொரோனாக் காலத்தில் வேலை போய், கடனட்டையில் சீவித்து, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று போய், கடைசியில் ஐ.வி.ஏ. என்ற ஒழுங்குக்குள் வந்திருக்கிறார். மாதம் தவறாமல் கட்டுகிறார். இப்போது பிரித்தானிய இராணுவத்தில் சேரப் போகிறேன் என்கிறாராம். தாயாரின் கேள்விகள் இரண்டு. "கடன் கட்டிக்கொண்டிருக்கிற பிள்ளையை ஆமி எடுக்குமோ? எடுத்தால் கடன்காரர் பேசாமல் இருப்பினமோ?"

முதலில் இந்த ஐ.வி.ஏ. என்னவென்று சொல்லிவிடுகிறேன். லண்டனில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தப் பெயர் அடிக்கடி அடிபடுகிறது, விளங்கியவர்கள் குறைவு. 1986ஆம் ஆண்டின் வங்குரோத்துச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு அது. கடனாளி உரிமம் பெற்ற ஒரு நிபுணரிடம் போய் வருமானம், செலவு, கடன் எல்லாவற்றையும் ஒப்புவிக்கிறார். வாடகை, சாப்பாடு, பஸ் காசு போக மிஞ்சுவதை மாதாமாதம் கட்டுவதாக ஒரு திட்டம் எழுதப்படுகிறது. வாக்களிக்கும் கடன்காரர்களில், தொகைக் கணக்கில் 75 வீதத்தினர் சம்மதித்தால் போதும், மறுத்தவர்களையும் அது கட்டும். வழக்கமாக 5 அல்லது 6 வருடம். ஒழுங்காகக் கட்டி முடித்தால் மிச்சம் தள்ளுபடி. அதுவரை அந்தக் கடன்காரர்கள் கதவைத் தட்ட முடியாது. ஆனால் கடனாளியின் பெயர், எவரும் பார்க்கக்கூடிய அரச பதிவேட்டில் ஏறிவிடும்.

ஆகவே இரண்டாவது கேள்விக்குப் பதில் லேசு. தவணை வரும்வரை, அது கடையில் உழைத்த காசா படையில் உழைத்த காசா என்று கடன்காரர் கேட்கப்போவதில்லை. வேலை மாறினால் திட்டத்தைக் கண்காணிப்பவருக்கு அறிவிக்க வேண்டும். சம்பளம் கூடினால் கூடியதில் ஒரு பங்கு கடனுக்குப் போகும். "ஆமிச் சம்பளத்தோடு கையில் காசு புரளும்" என்று மகன் கணக்குப் போட்டிருந்தால் அந்தக் கணக்கு கொஞ்சம் பிசகும்.

முதல் கேள்விதான் மினக்கெட வைத்தது. இப்படியான படைகள் ஆளை எடுக்கும்போது பொதுவாகக் காசு விவகாரத்தைத் துருவிப் பார்க்கும். கடனைத் திருப்பிக் கொடாதவன் கெட்டவன் என்பதற்காக அல்ல. இரகசியமாகக் கடன்பட்டவனை மிரட்டி வேலை வாங்கலாம், காசைக் காட்டி வாயைத் திறக்க வைக்கலாம் என்ற பயம். ஒழுங்குக்குள் கொண்டுவந்து கட்டிவரும் கடன் அவர்களுக்கு அவ்வளவு பெரிய தலையிடி இல்லை. மறைத்த கடன்தான் தலையிடி. விண்ணப்பத்தில் உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கோ அம்மா, என்றேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு வந்தது உண்மைக் கதை. மகன் போகும்போது ஏஜென்சிக்குக் கட்டிய காசில் பாதி, ஒன்றுவிட்ட அண்ணன் போட்டது. தங்கச்சியின் கலியாணத்துக்கு லண்டனில் சீட்டுப் பிடித்து, பெரிய கழிவோடு முதல் மாதங்களிலேயே எடுத்து அனுப்பியிருக்கிறார். எடுத்த சீட்டை இன்னும் கட்டுகிறார். இந்த இரண்டும் ஐ.வி.ஏ. பட்டியலில் இல்லை. வங்கிகளும் கடனட்டைக் கொம்பனிகளும்தான் இருக்கின்றன. பட்டியலில் வராத கடனுக்காகத்தான் பிள்ளை துவக்குத் தூக்க யோசிக்கிறது.

எனக்கு அந்தத் தம்பியின் நிலை விளங்குகிறது. வங்கிக்காரனிடம் "பவுணுக்கு முப்பது பென்ஸ்தான் தருவேன்" என்று சொல்லிவிடலாம், அவன் கோயில் திருவிழாவில் எதிர்ப்படப் போவதில்லை. சீட்டுக்காரரிடமும் அண்ணனிடமும் அப்படிச் சொல்ல எந்த வாய் வரும்? அடுத்த கலியாண வீட்டில் எந்த முகத்தோடு நிற்பது? ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அண்ணனும் கடன்காரர்தான், சீட்டுக்காரரும் கடன்காரர்தான். எல்லாரையும் ஒரே மேசையில் இருத்திப் பங்கு பிரிக்கிறேன் என்று கையெழுத்து வைத்துவிட்டு, மேசைக்குக் கீழால் சிலருக்கு முழுக்காசு கொடுப்பது தெரியவந்தால் ஒழுங்கு முழுவதுமே குலையலாம். மகன் முதலில் கண்காணிப்பாளரிடம் இந்த இரண்டையும் சொல்ல வேண்டும், ஆட்சேர்ப்பு அலுவலகம் அதற்குப் பிறகு. தாயார் அண்ணனோடு பேசுவதாகச் சொன்னார். சீட்டுக்காரரோடு யார் பேசுவது என்பது இன்னும் முடிவாகவில்லை.

இது லண்டன் கதை, எங்களுக்கென்ன என்று தள்ளவும் முடியாது. 2022இன் நெருக்கடிக்குப் பிறகு இந்த நாட்டில் இருந்து ரஷ்யப் படைக்குப் போனவர்களை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் தென்பகுதியின் முன்னாள் படையினர். ஓய்வூதியம் பொருட்களின் விலைக்கு ஈடுகொடுக்கவில்லை, கடன் கழுத்தில். சாரதி வேலை, சமையல் வேலை, டொலரில் சம்பளம் என்று சொல்லி ஏற்றினார்கள், இறக்கிய இடம் உக்ரேன் போர்முனை. ஏற்றி அனுப்பியதாக 2024 மே மாதம் கைதானவர்களில் ஓய்வுபெற்ற உயர் படை அதிகாரி ஒருவரும் இருந்தார். 2025இன் தொடக்கத்தில் வெளிவிவகார அமைச்சர் விஜித ஹேரத் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கின்படி, சேர்ந்த இலங்கையர் 554 பேர், இறந்தவர்கள் 59 பேர்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் போன வழி வேறு. ஐரோப்பாவுக்கு அனுப்புகிறேன் என்ற முகவரை நம்பிப் புறப்பட்டு, ரஷ்யாவில் மாட்டி, விளங்காத மொழியில் நீட்டிய தாளில் ஒப்பம் வைத்துப் படைக்குள் போய்விட்டார்கள் என்று யாழ்ப்பாணக் குடும்பங்கள் முறையிட்டன. அந்தப் பயணத்துக்கான காசு எங்கிருந்து வரும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். தாலிக்கொடி அடகு, காணி ஈடு, மீற்றர் வட்டி. பிள்ளை போர்முனையில் நிற்க, வட்டி இங்கே வீட்டு வாசலில் வந்து நிற்கும். "வெளிநாட்டில் கைநிறையச் சம்பளம்" என்று முகவரி இல்லாத, கைபேசி இலக்கம் மட்டும் போட்ட விளம்பரம் எமக்கும் வந்தது. ஈழகேசரிப் பத்திரிகை அச்சான சுன்னாகத்தில் இருந்து பத்திரிகை நடத்துகிறோம், அதைப் போட மனம் வரவில்லை. வருமானம் குறைந்தது உண்மைதான்.

சீருடையும் கடனும் சேர்ந்த இன்னொரு கதை வன்னியில் உண்டு. 2012 நவம்பரில் கிளிநொச்சியில் நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் பெண்களை இராணுவம் சேர்த்ததும், சிவில் பாதுகாப்புத் திணைக்களம் பண்ணைகளிலும் முன்பள்ளிகளிலும் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அவர்களை ஏசியவர்கள் உண்டு. நான் ஏசமாட்டேன். முன்பள்ளி ஆசிரியைக்கு வேறெங்கும் கிடைக்காத சம்பளம் அது. சம்பளச் சிட்டையைக் காட்டினால் வங்கி கடன் தரும், வீடு எழும்பும். அதன்பிறகு வேலையை விட நினைத்தாலும் தவணை விடாது.

சரி, இங்கே கடனில் அகப்பட்டவருக்கு ஐ.வி.ஏ. போல ஒரு கதவு உண்டா? அப்படியே இல்லை. தனிமனிதர் வங்குரோத்துக்கு எங்களிடம் இருப்பது 1853ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். அதை நம்பி நீதிமன்றம் போன ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. ஆனால் சின்னச் சின்ன யன்னல்கள் உண்டு. 1941ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கடன் இணக்கச் சபை என்று ஒன்று நீதி அமைச்சோடு இருக்கிறது. காணியை ஈடு வைத்தோ, "இத்தனை மாதத்துக்குள் காசு தந்தால் திருப்பி எழுதித் தருவேன்" என்ற நிபந்தனையோடு அறுதி எழுதியோ தனியாரிடம் பட்ட கடனுக்கு அங்கே போகலாம். இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசி, தவணை பிரித்து இணக்கம் செய்து வைப்பார்கள். ஒன்றே ஒன்று, மீட்கும் தவணை முடிய முன்னரே போக வேண்டும். எங்கள் ஆட்கள் போவது முடிந்த பிறகு.

வங்கிக் கடன் என்றால் தவணை பிந்த முதலே முகாமையாளரைப் போய்க் காணுங்கள். திருப்பிச் செலுத்தும் காலத்தை நீட்டி மீள எழுதித் தருவது வங்கிகளில் வழக்கமான வேலை, பிச்சை கேட்பதல்ல. "கிறிப்பில் பேர் விழுந்திட்டுது" என்று ஒளித்துத் திரிபவர்களுக்கும் ஒரு செய்தி: கிறிப் என்கிற கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை உங்கள் பெயரில் நீங்களே எடுத்துப் பார்க்கலாம். மற்றவர் கையில் இருக்கும் உங்கள் கணக்கு உங்கள் கையிலும் இருக்கட்டும். நுண்நிதிக் கடனில் மூழ்கிய பெண்களுக்கு 2018இல் நிதியமைச்சர் மங்கள சமரவீர கொண்டுவந்த தள்ளுபடியையும் சொல்ல வேண்டும். வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்கள். அது ஒருமுறை பெய்த மழை. அடுத்த கிழமையே புதிய குழுக் கடனோடு மோட்டார் சைக்கிள்கள் ஒழுங்கைக்குள் வந்துவிட்டன.

வலிகாமம் வடக்கு ஆட்களுக்கு இந்த யன்னல்களும் சிறியவைதான். 1990 ஜூனில் இடம்பெயர்ந்து சுன்னாகத்திலும் மல்லாகத்திலும் முகாம்களில் கிடந்த குடும்பங்களிடம் உறுதி இருந்தது, காணி இராணுவத்திடம் இருந்தது. போய்ப் பார்க்க முடியாத காணிக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? தனியார் வட்டிதான் கதி. அந்த வட்டியின் பிள்ளைகள் இன்றும் சில வீடுகளில் வளர்கின்றன.

வெட்கத்தைப் பற்றியும் ஒரு சொல். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி இந்த நாடே "வெளிநாட்டுக் கடனை இப்போது கட்ட முடியாது" என்று உலகத்துக்கு அறிவித்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் ஏறத்தாழ 300 கோடி டொலர் திட்டம், 2024 ஜூன் 26ஆம் திகதி கடன் தந்த நாடுகளின் குழுவோடு உடன்பாடு, அந்த ஆண்டு முடிவதற்குள் பிணைமுறிக்காரரோடும் இணக்கம். அந்தப் பேச்சு முழுவதிலும் இந்தியாவும் ஜப்பானும் பிரான்சும் விடாப்பிடியாகக் கேட்டது ஒன்றைத்தான்: ஒருவருக்கு ஒருவிதம், மற்றவருக்கு மறைவாக இன்னொருவிதம் கூடாது. கையெழுத்து வைத்த அன்று இங்கே வெடி கொளுத்திக் கொண்டாடினார்கள். அமைச்சர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு செய்ததை, எங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு மேசையில் இருந்து செய்தால் மட்டும் ஏன் ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறது?

அடுத்த இதழில் கடன் இணக்கச் சபைக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று சட்டத்தரணி ஒருவர் விரிவாக எழுதுகிறார். கேள்விகளை இப்போதே அனுப்பிவையுங்கள். காணி உறுதியின் மூலப்பிரதியைத் தயவுசெய்து தபாலில் அனுப்ப வேண்டாம். போன மாதம் இரண்டு வந்தன, பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டோம். போட்டோப் பிரதி போதும். வெளிநாட்டு வேலை என்று யாராவது உங்கள் பிள்ளையிடம் ஒப்பந்தம் நீட்டினால், ஒப்பம் வைக்க முன் அதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் காட்டுங்கள். மொழி விளங்காவிட்டால் விளங்கும்வரை பேனையைத் திறக்க வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்