பஞ்சுக் குச்சியால் புள்ளி வைக்கும் முன்னர்...



அண்மையில் எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு சிறு சொற்போர் நிகழ்ந்தது. ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் ஓவியத்தை அறிமுகப்படுத்த எண்ணி, ஒரு படத்தை அச்சிட்டு எடுத்துச் சென்றிருந்தேன். தொலைவில் ஊதா நிற மலை. நடுவே சிவந்த மண். முன்புறத்தில் வெண்ணிறத் தண்டோடு ஒரு மரம். ஆல்பர்ட் நமட்ஜிரா தீட்டிய நீர்வண்ண ஓவியம் அது. உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் அதனைப் பார்த்துவிட்டு, "இது வெள்ளைக்காரர் பாணி ஆயிற்றே! பழங்குடி ஓவியம் என்றால் புள்ளி அல்லவா இருக்க வேண்டும், நம் புள்ளிக் கோலம் மாதிரி?" என்றார். சொன்னதோடு நில்லாமல், கங்காருவின் வெளிக்கோடு அச்சிட்ட பயிற்சித்தாளையும் ஒரு பெட்டிப் பஞ்சுக் குச்சிகளையும் என் மேசைமீது வைத்துவிட்டுச் சென்றார்.

அவர்மீது எனக்குச் சினமில்லை. அதே பயிற்சித்தாளை நானும் இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தியிருக்கிறேன். பஞ்சுக் குச்சியை வண்ணத்தில் தோய்த்துக் கங்காருவின் வயிறு முழுக்கப் புள்ளி வைக்கச் செய்து, மணிலா அட்டையில் ஒட்டி, 'நாற்பதாயிரம் ஆண்டுப் பழமையான கலை' என்று தலைப்பும் எழுதி வகுப்பறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். பெற்றோர் நாளன்று பலரும் பாராட்டினர். ஆனால் அந்தத் தலைப்பும் தவறு, அந்தப் பாடமும் தவறு என்பதே இன்று என் கருத்து. 'இது வெள்ளைக்காரர் பாணி' என்னும் சொல்லோ இவ்விரண்டையும் விடப் பெரிய தவறு.

நமட்ஜிரா 1902ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் நட்டநடுவே, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில், ஃபிங்க் ஆற்றங்கரையில் இருந்த ஹெர்மன்ஸ்பர்க் என்னும் லூத்தரன் சமயப்பணி நிலையத்தில் பிறந்தார். மேற்கு அரண்டா மக்களுள் ஒருவர். 1930களில் ரெக்ஸ் பேட்டர்பீ என்னும் ஓவியர் அப்பகுதிக்குப் படம் தீட்ட வந்தார். 1936இல் நமட்ஜிரா அவருக்கு ஒட்டகம் ஓட்டி வழிகாட்டினார். கைம்மாறாக நீர்வண்ணம் தீட்டக் கற்றுக்கொண்டார். இரண்டு பயணங்கள், கூடினால் இரண்டு மாதங்கள். அவ்வளவுதான் பள்ளிப்படிப்பு! 1938இல் மெல்பர்னில் அவருடைய முதல் தனிக்கண்காட்சி நடைபெற்றபோது அங்கு வைத்த 41 ஓவியங்களும் விற்றுத் தீர்ந்தன.

அவர் தனியாளாக நிற்கவில்லை. அவருடைய மைந்தர்கள் ஏனோஸ், ஆஸ்கர், இவால்டு முதலியோரும், பரேரோல்ட்ஜா உடன்பிறப்புகள் மூவரும், வால்டர் எபடாரிஞ்சாவும், பெண்களில் கோர்டுலா எபடாரிஞ்சாவும் தூரிகை எடுத்தனர். இவர்களையே ஹெர்மன்ஸ்பர்க் ஓவியர்கள் என்பர். மெக்டானல் மலைத்தொடரும் அதன் செங்குத்துப் பள்ளத்தாக்குகளும் வறண்ட ஆற்றுப்படுகைகளுமே இவர்களின் பாடுபொருள்.

மக்கள் வரிசையில் நின்று வாங்கினர். அறிஞர் பெருமக்கள் என்ன செய்தனர்? தெற்கு ஆஸ்திரேலியக் கலைக்கூடம் 1939இல் நமட்ஜிராவின் ஓவியம் ஒன்றை வாங்கியது. மற்றப் பெரிய கூடங்கள் நெடுங்காலம் முகம் திருப்பிக்கொண்டன. 'ஐரோப்பியரைப் பார்த்து எழுதிய நகல்' என்றனர் திறனாய்வாளர். எங்கள் ஆசிரியர் அறையில் அன்று ஒலித்தது அந்தப் பழைய குரல்தான்.

நகல் என்போரிடம் ஒன்று கேட்கிறேன். தாளும் தூரிகையும் பிறரிடமிருந்து வந்தால் கண்ணும் பிறருடையது ஆகிவிடுமா? ஓட்டோ பரேரோல்ட்ஜாவின் ஓவியங்களைப் பாருங்கள். பாறையும் மரத்தண்டும் இணைகோடுகளாகச் சுழன்று சுழன்று செல்லும். அந்தச் சுழிகளை அவர்கள் மரபின் சடங்குப் பொருள்களில் உள்ள சுழிகளோடு ஒப்பிட்டவர் அந்நாளிலேயே இருந்தனர். எந்த ஐரோப்பியரிடம் அவர் அதைக் கற்றார்? நமட்ஜிரா மீண்டும் மீண்டும் வரைந்த வெண்டண்டு யூகலிப்டஸ் மரமும் வழிப்போக்கன் கண்ட காட்சி அன்று. அரண்டா மக்களுக்கு ஒவ்வொரு குன்றும் இடுக்கும் நீர்ச்சுனையும் மூதாதையர் நடந்த தடம்; இன்ன இடம் இன்னாருடைய பொறுப்பு என்று வகுக்கப்பட்ட நிலம். நாம் இயற்கைக் காட்சி என்று பார்ப்பது அவர்களுக்கு நிலப்பட்டா! வெள்ளையர் 'வெற்றுப் பாலை' என்று வரைபடத்தில் விட்டுவைத்த இடத்தில் பெயரில்லாத மேடு ஒன்றுகூட இல்லை என்பதைத்தான் அவர்கள் வண்ணத்தில் எழுதினர்.

அந்த நிலத்துக்கு உரியவருக்கு நேர்ந்தது என்ன? இதைத்தான் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்கிறேன். அவருடைய ஓவியங்களின் அச்சுப் படிகள் ஆஸ்திரேலிய வீடுகளின் வரவேற்பறைகளில் தொங்கிய அதே காலத்தில், 1951இல், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் வீடு கட்ட ஒரு துண்டு மனை கேட்டார், மறுத்தனர். 1954இல் கான்பராவில் எலிசபெத் அரசியார்முன் அவரை அழைத்துச் சென்று நிறுத்தினர். 1957இல் வடக்கு ஆட்சிப்பகுதியின் பழங்குடியினர் ஏறத்தாழ அனைவரும் அரசின் பாதுகாப்பில் வாழும் சிறுவர்களைப் போல் ஒரு பதிவேட்டில் ஏற்றப்பட்டனர். நமட்ஜிராவும் அவருடைய துணைவியாரும் விதிவிலக்காக விடப்பட்டு, 'குடிமக்கள்' ஆயினர். பிள்ளைகளும் சுற்றமும் ஆகவில்லை. குடிமகன் மது வாங்கலாம்; பதிவேட்டில் உள்ளவருக்குக் கொடுத்தால் குற்றம். உள்ளதைச் சுற்றத்தோடு பகிர்வதே அறம் என்று வளர்ந்த மனிதருக்கு இப்படியொரு சட்டம்! 1958இல், சக ஓவியரும் உறவினருமான ஹெனோக் ரபெராபாவுக்கு மது கிடைக்கச் செய்தார் என்று ஆறு மாதத் தண்டனை விதித்தனர். மேல்முறையீட்டில் அது மூன்று மாதமாயிற்று. பப்புன்யா என்னும் குடியிருப்பில் இரண்டு மாதம் கழித்து 1959இல் வெளிவந்தார். அதே ஆண்டு ஆகஸ்டு 8இல் மறைந்தார். அகவை 57.

கதை அத்துடன் முடியவில்லை. 1983இல் அவருடைய படைப்புகளின் பதிப்புரிமையை அரசுப் பொறுப்பாளர் ஒருவர் குடும்பத்தைக் கேளாமலேயே ஒரு பதிப்பகத்துக்கு 8,500 வெள்ளிக்கு விற்றார். 34 ஆண்டுகள் பேரப்பிள்ளைகளுக்கு அந்த உரிமையிலிருந்து ஒரு காசு வரவில்லை. 2017இல்தான் அது ஒற்றை வெள்ளி விலைக்குக் குடும்பத்தாரின் அறக்கட்டளைக்குத் திரும்பியது. நகல், நகல் என்று இகழப்பட்ட ஓவியங்களின் நகலெடுக்கும் உரிமைக்குத்தான் இத்தனை போட்டி!

சரி, புள்ளிக்கு வருவோம். அதுவும் பப்புன்யாவிலிருந்தே வந்தது, அதுவும் ஒரு பள்ளிச் சுவரிலிருந்து. 1971இல் அங்குக் கலையாசிரியராக இருந்த ஜெஃப்ரி பார்டன், மணலிலும் உடலிலும் பாறையிலும் தீட்டப்பட்ட தங்கள் வடிவங்களையே பள்ளிச் சுவரில் தீட்டுமாறு ஊர்ப் பெரியவர்களை ஊக்குவித்தார். காப்பா ஜம்பிஜின்பா முன்னின்று வரைய, தேன் எறும்பின் கதை சுவரேறியது. மறு ஆண்டே அவ்வோவியர்கள் தங்களுக்குச் சொந்தமான நிறுவனம் ஒன்றைத் தொடங்கினர். பலகையிலும் துணியிலும் அக்ரிலிக் வண்ணத்தால் புள்ளியிட்டு நிரப்பும் முறை இவ்வாறு 1970களில் வளர்ந்தது. கதைகள் பழமையானவை, நம் வகுப்பறையில் படியெடுக்கும் அந்த முறை என்னைவிடச் சில ஆண்டுகளே மூத்தது. மேலும், உரியவர் அல்லாதார் பார்க்கக்கூடாத மறைபொருள்களை மூடிக் காக்கவும் அப்புள்ளிகள் பயன்பட்டன. மறைப்பதற்கு வைத்த புள்ளியை, மறைக்க ஒன்றுமில்லாத கங்காரு வயிற்றில் வைக்கச் சொல்லி நாம் மதிப்பெண் போடுகிறோம். 'நம் கோலம் மாதிரி' என்றும் தேற்றிக்கொள்கிறோம். வாசலில் அனைவரும் காணப் போடுவது கோலம். இரண்டையும் இணைப்பது புள்ளி என்னும் சொல் ஒன்றே.

அந்தச் சுவரோவியம் என்ன ஆயிற்று என்று கேட்கமாட்டீர்களா? 1974இல் அதன்மேல் சுவர்ச்சாயம் பூசி அழித்தார்கள். ஒரு பள்ளிக்கூடச் சுவர்! இதைப் படித்த நாள்முதல் எந்தப் பள்ளியில் புதுச் சாயம் அடித்தாலும் எனக்கு நெஞ்சு துணுக்குறுகிறது.

ஆகவே, நீர்வண்ணத்தைக் கண்டால் 'இது பழங்குடி ஓவியம் அன்று' என்கிறோம்; புள்ளியைக் கண்டால் பெயர்கூடக் கேளாமல் எடுத்துக்கொள்கிறோம். பழங்குடியினர் எப்படி வரைய வேண்டும் என்று தீர்ப்புக் கூறும் நாற்காலியில் நம்மை யார் அமர்த்தினார்? 1956இல் ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற ஆர்ச்சிபால்டு பரிசு, நமட்ஜிராவின் உருவத்தை வரைந்த வில்லியம் டார்கிக்குக் கிடைத்தது. 2020இல் அதே பரிசை நமட்ஜிராவின் கொள்ளுப்பேரன் வின்சென்ட் வென்றார். அப்பரிசைப் பெற்ற முதல் பழங்குடி ஓவியர் அவரே. அவர் தீட்டியது புள்ளியும் அன்று, மலையும் அன்று, ஓர் உருவப்படம். இதற்கு எந்தப் பயிற்சித்தாளைத் தேடப் போகிறோம்?

'தேர்வில் வராத ஒன்றுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?' என்று சில பெற்றோர் கேட்பது காதில் விழுகிறது. ஐயா, அம்மா, உங்கள் பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்து இயற்கைக் காட்சி வரையச் சொல்லிப் பாருங்கள். இரண்டு கூம்பு மலை, நடுவே பாதிச் சூரியன், கீழே நெளிந்தோடும் ஆறு. பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேர் இதையே வரைவர். எங்கள் ஊரில் மலையே இல்லை. பள்ளிக்குப் பின்னால் செம்பனைத் தோட்டமும் ஒரு பெரிய வடிகாலும் உள்ளன. அவற்றை இதுவரை ஒரு பிள்ளையும் வரைந்து நான் பார்த்ததில்லை. நகல் என்னும் சொல்லை எங்கே பயன்படுத்த வேண்டும் என்பதை இப்போது நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த தவணையில் ஐந்தாம் ஆண்டினரை அந்த வடிகால் ஓரத்துக்கு அழைத்துச் செல்லத் தலைமையாசிரியரிடம் இசைவு கேட்டிருக்கிறேன். நமட்ஜிராவின் படம் வகுப்பறையில் பெயரோடு தொங்குகிறது. பஞ்சுக் குச்சிப் பெட்டியை அறிவியல் ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டேன்.