விட்டுக்கொடுக்கிறதும் விட்டுட்டு ஓடுறதும்

ரொம்ப நாளா மனசுல அரிச்சுக்கிட்டு இருக்கிற விஷயம். இன்னிக்கு ஆணி கம்மி, அதனால கொட்டிடறேன்.

நம்ம ஊர்ல சண்டைன்னு வந்தா ரெண்டே ரெண்டு அட்வைஸ்தான். ஒண்ணு, "அனுசரிச்சுப் போப்பா". இன்னொண்ணு, "நாலு பேரைக் கூட்டிட்டுப் போய் சத்தம் போடு மச்சி". முதல் அட்வைஸ் மேலதான் எனக்குக் கோபம் அதிகம். கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க, அது எப்பவும் அடிவாங்குறவனுக்கு மட்டும்தான் சொல்லப்படும். பணத்தைக் கையில வெச்சிருக்கிறவரைப் பார்த்து "சார், நீங்க கொஞ்சம் அனுசரிங்க"ன்னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா?

சரி, மேட்டருக்கு வர்றேன். வேளச்சேரிப் பக்கம் மூணு வருஷம் வாடகைக்கு இருந்தேன். வாடகை 16,000. வழக்கம்போல பத்து மாச அட்வான்ஸ், 1,60,000. முதல் வேலையில சேர்ந்து வயித்தைக் கட்டி சேர்த்த காசு, பாதி அப்பா கொடுத்தது. காலி பண்றப்போ ஹவுஸ் ஓனர் ஒரு துண்டுச்சீட்டு நீட்டினார். பெயிண்டிங் 16,000, மோட்டார் ரிப்பேர் 14,000, பாத்ரூம் டைல்ஸ் 18,000, "சில்லறை வேலை" 12,000. ஆக 60,000 பிடித்தம். "மிச்சம் ஒரு லட்சம் புது ஆள் வந்ததும் தர்றேன் தம்பி."

அந்த மோட்டார் நாலு வீட்டுக்கும் பொது. டைல்ஸ் நான் குடிவந்த அன்னிக்கே விரிசல். கை நடுங்கிச்சு, பொய் சொல்ல விரும்பல. நல்லா நாலு வார்த்தை கேட்கணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. "யோசிச்சுட்டு சொல்றேன் சார்"னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன். கோழைத்தனம்னு ரூம்மேட் சொன்னான். இல்லவே இல்ல. கோபத்துல பேசியிருந்தா, என் கணக்கை விட்டுட்டு என் வாய்த்துடுக்கைப் பத்திதான் பஞ்சாயத்து நடந்திருக்கும்.

அப்பா போன்ல, "போனாப் போகுது, பெரியவங்களைப் பகைச்சுக்காதே"ன்னார். ரூம்மேட் என்னடான்னா, தெரிஞ்ச வக்கீலோட ஜூனியரை போலீஸ் மாதிரி பேசச் சொல்லலாம்னு ஐடியா கொடுத்தான் :-) ரெண்டுமே வேணாம்னு சட்டத்தைத் தேடிப் படிச்சேன்.

தமிழ்நாட்டுல 1960ஆம் வருஷ வாடகைச் சட்டம் போய், 2017ல கொண்டுவந்த புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில இருந்து நடைமுறையில இருக்கு. ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதிக்கிட்டா ஒழிய, அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக்கூடாது. காலி பண்ணி ஒரு மாசத்துக்குள்ள, நியாயமான பிடித்தம் போக மிச்சத்தைத் திருப்பித் தரணும். சண்டை வந்தா வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம்னு வழி இருக்கு. பொட்டி தட்டுற நம்மாளுங்கள்ல எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கே அன்னிக்குத்தான் தெரியும்.

உக்காந்து ஒரு பக்கத்துக்கு லெட்டர் எழுதினேன். பெயிண்டிங் 16,000 ஒத்துக்கறேன், அக்ரிமென்ட்ல கையெழுத்துப் போட்டிருக்கேன். அநியாயம்தான், ஆனா படிச்சுட்டுத்தானே போட்டேன். டைல்ஸுக்குக் குடிவந்த அன்னிக்கு எடுத்த போட்டோ இணைப்பு. மோட்டார் பொதுச் செலவு. சில்லறை வேலைக்கு பில் வேணும். கடைசியா ஒரு வரி: வாஷ்பேசின் விரிசல் என்னால வந்தது, அதுக்கு 3,500 பிடிச்சுக்கோங்க.

அந்த வரியைப் பார்த்துட்டு ரூம்மேட் தலையில அடிச்சுக்கிட்டான். "ஓனரே பார்க்கல, நீ ஏன்டா சொல்ற?" அவர் பார்க்கலைங்கிறதுக்காக மறைச்சா, பில் இல்லாம 12,000 எழுதின அவருக்கும் எனக்கும் என்னங்க வித்தியாசம்?

ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பினேன். நாலாம் நாள் போன்ல கத்து கத்துன்னு கத்தினார். "வீட்டுப் பிள்ளையா நினைச்சேனே, சட்டமா பேசுற?" நான் சொன்னது ஒண்ணுதான்: "சார், கணக்கு தப்புன்னா எந்த வரின்னு சொல்லுங்க, திருத்திக்கறேன்." மூணு தடவை இதையேதான் சொன்னேன். அவர் வரியே சொல்லல.

26ஆம் நாள் கூப்பிட்டார். கொசுவலை, குழாய்னு 5,500க்கு பில் காட்டினார். நிஜமான பில், ஒத்துக்கிட்டேன். 1,35,000 அக்கவுன்ட்டுக்கு வந்துச்சு. மூஞ்சி கொடுத்துப் பேசல. அந்த வீட்டு அம்மா மட்டும் வாசல்ல, "கறிவேப்பிலைச் செடியை விட்டுட்டுப் போறியாப்பா?"ன்னு கேட்டாங்க. விட்டுட்டு வந்தேன்.

ஆனா ஒண்ணு, இதே தைரியம் ஆபீஸ்ல டேமேஜர் முன்னாடி எனக்கு வந்ததில்ல. போன அப்ரைசல்ல வாயை மூடிட்டுத்தான் வந்தேன். இதை எழுதுற தகுதி பாதிதான் எனக்கு இருக்கு, தெரியும்.

போன வாரம் அப்பா போன் பண்ணார். ஊர்ல கடை அட்வான்ஸ்ல ஏதோ தகராறாம். "போனாப் போகுதுப்பா"ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். அவரே மெதுவா கேட்டார், "அந்த லெட்டர் காப்பி வெச்சிருக்கியா?"