பெருஞ்சுவரும் பெற்றவளும்

சீனாவில் குழந்தையைத் தத்தெடுக்கச் சென்ற அமெரிக்கக் குடும்பங்கள் பல, முதலில் பெய்ஜிங்கில் பெருஞ்சுவரையும் பழைய அரண்மனையையும் சுற்றிப் பார்த்தன. அதன் பின்பே குழந்தையைக் கண்டன.

காத்திருப்போர் ஊர் பார்ப்பதை நான் குறை கூறமாட்டேன். பிள்ளை பிறந்த மண்ணை அறிவது நல்லதே. என் கேள்வி வேறு: அந்த நிகழ்ச்சிநிரலில் பெற்ற தாய் எங்கே?

ஒரு பிள்ளைக் கொள்கைக்கு அஞ்சி மறைந்தவளைக் 'கைவிட்டவள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். 2005இல் ஹூனான் மாகாணத்தில் அநாதை இல்லங்கள் குழந்தைகளை விலைக்கு வாங்கியமை அம்பலமானது. ஆயினும் 2024இல்தான் சீனா இக்கதவை மூடியது, உறவினருக்கு மட்டும் விலக்களித்து.

நமக்கும் இது புதிதல்ல. 1980களில் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் இன்று தாயைத் தேடி வருகிறார்கள். பலரது பத்திரங்களில் தாயின் பெயரே பொய்.

பெருஞ்சுவரின் படம் பிள்ளைக்குப் போதாது. அரசுகளே, கோப்புகளைத் திறவுங்கள்.