தாதுவும் புஷ்டியும்

பூரணாங்குப்பத்தில் நண்பர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். அவருடைய அம்மா உள்ளேயிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியைக் கொண்டுவந்து எங்கள் முன் வைத்தார். மஞ்சளும் காவியும் கலந்த சிறு மணிகள்; பார்வைக்குத் தினையைப் போல இருந்தன. தேனீ மகரந்தம்! "தெனம் ஒரு கரண்டி சாப்பிட்டா முட்டி வலி போயிடும்னு சொல்லிக் குடுத்தாங்க தம்பி. சாப்பிட்ட அன்னிக்கே தொண்டை அரிச்சு ஒதடு வீங்கிப் போச்சு" என்றார். மருத்துவரிடம் ஓடி ஊசி போட்டுக்கொண்டு திரும்பிய பிறகும் புட்டியை எறிய அவருக்கு மனம் வரவில்லை. காசு கொடுத்து வாங்கியதாயிற்றே! இளவயதிலிருந்தே மூச்சிரைப்பு உள்ளவர் அவர். விற்றவர் அதைக் கேட்கவில்லை. புட்டியின் மேல் ஓர் எச்சரிக்கையும் இல்லை.

இலக்கியம் பேசக் கூடியவர்களுக்கு இதில் என்ன வேலை என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். சிக்கல் ஒரு சொல்லில் தொடங்குகிறது என்று நாங்கள் கருதுவதால்தான் எழுதுகிறோம். மகரந்தத்துக்குத் தமிழில் தாது என்றும் பெயர். சித்த மருத்துவம் உடலைத் தாங்குவனவாகச் சொல்லும் ஏழும், சாரம் தொடங்கிச் சுக்கிலம் வரை, தாதுக்களே. பேருந்து நிலையச் சுவர்களில் நாம் பார்த்து வளர்ந்த 'தாது புஷ்டி' லேகிய விளம்பரங்கள் இந்த இரண்டாம் பொருளைப் பற்றிக்கொண்டவை. பூவின் தாதை உண்டால் உடலின் தாது பெருகும் என்ற எண்ணம் ஒருவரும் மெய்ப்பிக்காமலேயே நம் மனத்தில் ஏறிவிடுகிறது. விற்பவருக்குப் பாதி வேலையைச் சொல்லே முடித்துத் தந்துவிடுகிறது.

பொருள் என்னவென்று பார்ப்போம். பூவில் புரளும் தேனீ, உடலில் ஒட்டிய துகளை வாயில் கொணரும் சிறிது தேன்நீரால் பிசைந்து, பின்னங்கால்களில் உள்ள கூடை போன்ற அமைப்பில் இரண்டு உருண்டைகளாக்கிக் கூட்டுக்குச் சுமந்து வருகிறது. பெட்டியின் வாசலில் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் துளைகள் கொண்ட தகட்டைப் பொருத்தினால், ஈ நுழையும்போது உருண்டை உரசிக் கீழே தட்டில் விழும். அதைச் சேர்த்து உலர்த்தினால் புட்டியில் அடைக்கும் சரக்கு. ஒரு பயணத்தில் இத்தாலியத் தேனீ கொண்டுவருவது சுமார் 15 மில்லிகிராம். பத்துக் கிராம் கொண்ட ஒரு கரண்டிக்கு அறுநூறுக்கும் மேற்பட்ட பயணங்கள் வேண்டும். ஒரு வேலைக்காரப் புழு வளர 125 முதல் 145 மில்லிகிராம் வரை மகரந்தம் தேவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆக, அந்த ஒரு கரண்டி ஏறத்தாழ எழுபது முதல் எண்பது புழுக்களின் உணவு.

அதில் சத்து இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. மகரந்தத்தில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு புரதம். சர்க்கரைகள், சில வைட்டமின்கள், தாது உப்புகளும் உண்டு. ஆயினும் பத்துக் கிராமில் கிடைப்பது சுமார் 2 கிராம் புரதம். ஒரு கோழி முட்டையில் 6 கிராம் இருக்கிறது. அன்றியும், மகரந்தத் துகளின் வெளிச்சுவர் எளிதில் கரையாத பொருளால் ஆனது. தேனீக்களே அதை அப்படியே உண்பது குறைவு. அறையில் திணித்து, தேன் சேர்த்து, புளிக்கவைத்த பிறகே பெரிதும் உண்கின்றன.

மருந்து என்ற நிலைக்கு வந்தால் சான்று இன்னும் மெலிகிறது. ஆய்வுக்கூடக் குழாயிலும் எலியிலும் கண்ட பலன்கள் ஏராளமாகப் பேசப்படுகின்றன. மனிதரிடம் முறையாக நடந்த சோதனைகள் மிகச் சிலவே. 1970களில் அமெரிக்க விளையாட்டு வீரர்களிடம் நடந்த சோதனைகளில் மகரந்தம் உண்டவர் உண்ணாதவரை விஞ்சவில்லை. அந்நாட்டின் மேலவை உறுப்பினராக இருந்த டாம் ஹார்க்கின், மகரந்த மாத்திரையால் தம் ஒவ்வாமை நீங்கியது என்று வெளிப்படையாகச் சொன்னவர். 1991இல் அங்கே மாற்று மருத்துவ ஆய்வுக்கென அரசு அலுவலகம் ஒன்று தோன்ற முன்னின்றவரும் அவரே. அவர் பொய் சொன்னார் என்று கருத வேண்டியதில்லை. ஒருவருக்கு நேர்ந்த நலம், நேர்மையாகச் சொல்லப்பட்டாலும், மற்றவருக்கு மருந்துச் சீட்டாகிவிடாது என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம்.

தீங்கு நேர வாய்ப்பிருப்பதோ ஐயமற்றது. மகரந்த ஒவ்வாமை உள்ளவர், மூச்சிரைப்பு உள்ளவர் ஆகியோருக்குச் சிறிதளவே உயிருக்கு ஆபத்தான எதிர்வினையை உண்டாக்கிய நிகழ்ச்சிகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. சில செடிகளின் மகரந்தத்தில் ஈரலுக்குக் கேடான நச்சுப் பொருள்கள் உண்டு. வயலில் தெளித்த பூச்சிக்கொல்லியின் எச்சமும் துகளோடு வரும். புதிய மகரந்தத்தில் ஈரம் மிகுதி. உடனே உலர்த்தாவிட்டால், எங்கள் கடலோரக் காற்றில் பூஞ்சை பிடிக்க நாள் ஆகாது. கருவுற்றவர்களும், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர்களும் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடலாகாது.

'இயற்கைப் பொருள்தானே' என்பது நாங்கள் அடிக்கடி கேட்கும் மறுமொழி. எட்டிக்காயும் இயற்கைப் பொருள்தான்! தேனின் கதையே நமக்கு எச்சரிக்கை. 2020 டிசம்பரில் தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், 13 வணிகப் பெயர்களில் விற்ற தேனைச் சோதித்தபோது, காந்த ஒத்ததிர்வுச் சோதனையில் 10 தேறவில்லை. தரம் வகுக்கப்பட்டு, ஆண்டாண்டாகச் சோதிக்கப்படும் தேனுக்கே இந்த நிலை என்றால், பெயர் தெரியாத புட்டியில் வரும் மகரந்தத்தை எதை நம்பி உண்பது? உணவுத் துணைப்பொருள்களின் உறையில் 'மருந்துப் பயன்பாட்டுக்கு அன்று' என்று அச்சிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. உறையில் அப்படி அச்சிட்டுவிட்டு வாயால் முட்டி வலிக்கு மருந்தென்று சொல்லி விற்பதை எந்த விதி தடுக்கும்?

தேனீ வளர்ப்போரின் வருமானத்தைக் கெடுக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. அதைத் தட்டிக்கழிக்க நாங்கள் விரும்பவில்லை. தென்னகத்தில் இத்தொழில் மார்த்தாண்டத்தில் நூறாண்டாக வேரூன்றியது. 1990களின் தொடக்கத்தில் பரவிய நச்சுயிரி நோயில் இந்தியத் தேனீக் குடும்பங்கள் பெருமளவில் அழிந்தபோது அவர்கள் பட்ட பாட்டை மறக்க முடியாது. பூ மிகுந்த பருவத்தில், கூட்டுக்குப் போதிய அளவு விட்டுவைத்து, மிகுதியை எடுத்து உணவென்று சொல்லி ஒருவர் விற்றால் எங்களுக்கு மறுப்பில்லை. எந்த ஊரில், எந்தப் பருவத்தில் எடுத்தது என்று உறையில் இருக்கட்டும். ஒவ்வாமை எச்சரிக்கை தமிழில், கண்ணாடியின்றிப் படிக்கும் எழுத்தில் இருக்கட்டும். நோய்களின் பட்டியல் ஒழியட்டும். நேர்மையான வளர்ப்பாளருக்கு இதனால் இழப்பில்லை.

எங்கள் பக்கத்துக்கு வேறொரு கவலையும் உண்டு. சுண்ணாம்பாற்றுக்குத் தெற்கே கடலை ஒட்டிய இந்தச் சிற்றூர்களில் ஆண்டு முழுதும் தேனீக்குத் தாது தருவது தென்னை. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயல் இப்பகுதியின் மரங்களை எவ்வளவு முறித்தது என்பதைப் பார்த்தவர்கள் அறிவர். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகில் கரை கடந்தது. மரங்கள் குறைந்து, தோப்புகள் மனைகளாகும் இடத்தில் தேனீக்கு உள்ள உணவே அளவானது. அதன் வாசலிலும் தகடு வைத்துப் பறிப்பதைக் காட்டிலும், ஈ தானே சுமந்து பூவுக்குப் பூ சேர்க்கும் தாதினால் நமக்கு வரும் காய்களும் எள்ளும் பெரிய ஊட்டம் என்பது எங்கள் துணிபு.

விடைபெறும்போது அம்மா கேட்டார், "அப்ப முட்டிக்கு என்னதான் பண்றது?" எலும்பு மருத்துவரிடம் காட்டச் சொன்னோம். உணவைப் பற்றிக் கேட்டபோது, கேழ்வரகையும் முருங்கைக் கீரையையும் முட்டையையும் சொன்னோம். அவர் சிரித்தார், இவற்றில் எதுவும் அவருக்குப் புதிதில்லை. கொல்லையில் முருங்கை பூத்திருந்தது, ஈக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. புட்டியை மட்டும் வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு புறப்பட்டோம்.