ஒபாமா சொன்னாத்தான் பாட்டா?

எங்க காலேஜ் விழாவுல நடந்த கதை இது. காலேஜ் பேர் வேண்டாம். எந்தக் காலேஜா இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

என் கிளாஸ் பையன் ஒருத்தன் கிடாரோட மேடை ஏறினான். அவனே எழுதி, அவனே மெட்டுப் போட்ட தமிழ்ப் பாட்டு. தினமும் விடியக்காலைல கோரிமேட்டுல பஸ் ஏறி வேலைக்குப் போற அவங்க அம்மாவைப் பத்தினது. பல்லவி முடிஞ்சு முதல் சரணம் பாதிகூடப் போகல, பின் வரிசையில இருந்து சத்தம்: "டேய், சினிமாப் பாட்டு பாடுடா!" ரெண்டு செகண்ட் அப்படியே நின்னான். அப்புறம் ஒரு அனிருத் பாட்டை எடுத்து விட்டான். ஹாலே எழுந்து ஆடுச்சு.

விழா முடிஞ்சு பஸ் ஏறினா, கத்தின அதே கோஷ்டி ஆளுக்கொரு இயர்போனை மாட்டிக்கிட்டு, சோகமா ஜன்னல் பக்கம் சாய்ஞ்சு பிரதீக் குஹாட் கேட்டுக்கிட்டு வர்றாங்க! எனக்கு எப்படித் தெரியும்னு கேக்குறீங்களா? கத்தினதுல நானும் ஒருத்தன். அதனால மக்களே, இது அடுத்தவனைத் திட்டுற பதிவு இல்ல. என்னையும் சேத்துத் திட்டுற பதிவு.

முதல்ல குஹாட் யாருன்னு தெரியாதவங்களுக்காக. 1990-ல பிறந்த ஜெய்ப்பூர்க்காரர். நியூயார்க் பல்கலைக்கழகத்துல கணக்கும் பொருளாதாரமும் படிச்சவர். அங்க இருந்தப்போ எலியட் ஸ்மித் மாதிரி ஆளுங்களோட பாட்டைக் கேட்டு, ஒரு கிடார், ஒரு குரல், சின்னதா ஒரு சோகம்னு தனக்கு ஒரு வழி பிடிச்சார். 2011-ல தன் பேர்லயே ஒரு சின்ன ஆல்பம். ஊர் திரும்பி டெல்லியில இருந்துக்கிட்டு 2013-ல இந்தியில 'ராத் ராஸி', 2015-ல இங்கிலீஷ்ல 'இன் டோக்கன்ஸ் அண்ட் சார்ம்ஸ்'. 2018-ல 'கோல்ட்/மெஸ்'. அந்த வீடியோவுல ஜிம் சர்ப் நடிச்சிருந்தார். 2019 கடைசியில ஒபாமா தனக்குப் பிடிச்ச பாட்டுப் பட்டியலை வெளியிட்டார். அதுல 'கோல்ட்/மெஸ்' இருந்தது. அவ்ளோதான், இந்தியாவுல இருக்குற அத்தனை பத்திரிகையும் ஓடி வந்துச்சு. 2020-ல அமெரிக்காவோட எலெக்ட்ரா கம்பெனி அவரை ஒப்பந்தம் பண்ணிச்சு. டோர்ஸ் குழுவை வெளியிட்ட அதே எலெக்ட்ரா.

நடுவுல அவரும் சினிமாவுக்குப் பாடியிருக்கார். 2016-ல 'பார் பார் தேக்கோ', 2018-ல 'கார்வான்'. ஆனா அவரோட அடையாளம் சினிமா இல்ல. ஹீரோ இல்லாம, கதை இல்லாம, பாட்டை மட்டும் வெச்சு நின்னவர். எனக்கு அந்த ஆள் மேல ஒரு கோபமும் இல்ல. என் கோபமெல்லாம் நம்ம மேலதான். ஜெய்ப்பூர்க்காரன் கிடாரை வெச்சு முணுமுணுத்தா நமக்கு ஃபீலிங். கோரிமேட்டுக்காரன் அதையே தமிழ்ல பண்ணினா மொக்கை. ஏன்?

இதுக்கு நம்ம பசங்க வழக்கமா சொல்ற சமாதானம் மூணு இருக்கு. ஒவ்வொண்ணா பாப்போம்.

ஒண்ணு: "மச்சி, தமிழுக்கு கிடார் செட் ஆகாது." சொல்றவன் காதுல ஓடிக்கிட்டு இருக்கறது இளையராஜா பாட்டு! லண்டன் டிரினிட்டி காலேஜ் தேர்வுல கிளாசிக்கல் கிடாருக்குத் தங்கப் பதக்கம் வாங்கினவர் அவர். கிராமத்து மெட்டையும் கிடாரையும் அவர் சேத்து வெச்சதை கேட்டுத்தான் நம்ம அப்பா அம்மாவே வளந்தாங்க. ஆனா அந்தக் கதையில ஒரு சோகம் இருக்கு. ராஜாவுக்கு முன்னாடி அவர் அண்ணன் பாவலர் வரதராஜன் இருந்தார். பண்ணைப்புரத்துல இருந்து கிளம்பி, தம்பிகளைக் கூட்டிக்கிட்டு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகள்ல ஊர் ஊரா பாடினவர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தல்ல அவர் பாட்டு ஓட்டு வாங்கிக் கொடுத்ததுன்னு இன்னைக்கும் பேசுவாங்க. 1976-ல 'அன்னக்கிளி' வந்த தம்பியை உலகத்துக்கே தெரியும். சினிமாவுக்கு வராத அண்ணனோட பாட்டு ஒண்ணாவது நம்ம கிளாஸ்ல யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியாது. நம்ம ஊர்ல சினிமாவுக்குள்ள போகாத பாட்டுக்கு இதுதான் கதி.

ரெண்டு: "சரக்கு இருந்தா தானா மேல வருவான்." இதைச் சொல்றவங்க குஹாட் கதையை இன்னொரு தடவை படிங்க. 2011-ல ஆரம்பிச்சவர் பேர் ஊருக்கெல்லாம் தெரிய 2019 ஆச்சு. அந்த எட்டு வருஷமும் டிக்கெட் வாங்கி உக்காந்து கேட்க அங்கங்க ஒரு கூட்டம் இருந்தது. அது இல்லன்னா ஒபாமா காது வரைக்கும் பாட்டு போயிருக்குமா? நம்ம பக்கம் பாருங்க. சென்னையில கபேர் வாசுகி தமிழ்ல சொந்தமா எழுதிப் பாடினார். அவரும் டென்மாவும் சேந்து 'குரங்கன்'னு ஒரு குழு நடத்தினாங்க. அதே டென்மா இசையில, பா. ரஞ்சித் முன்னெடுத்த 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரியில சென்னையில முதல் கச்சேரி பண்ணிச்சு. இவங்க பாட்டை காசு கொடுத்துக் கேட்டவங்க நம்ம கிளாஸ்ல எத்தனை பேர்?

'எஞ்சாயி எஞ்சாமி' ஹிட் ஆச்சேன்னு கேப்பீங்க. ஆச்சு. 2021 மார்ச்ல வந்து உலகமே ஆடுச்சு. அப்புறம் நடந்தது என்ன? அதை எழுதி, தீயோட சேந்து பாடினவர் அறிவு. அதே வருஷம் ஆகஸ்ட்ல ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டைப்படத்துல அவரைக் காணோம். ரஞ்சித் வெளிப்படையா கேள்வி கேட்டார், சண்டை பெருசாச்சு, அதுக்கப்புறம்தான் அறிவுக்குத் தனியா ஒரு அட்டை வந்துச்சு. 2024-ல சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டால தங்களுக்கு ஒரு பைசாகூட வரலைன்னு சொன்னார். ஹிட்டுக்கே இந்த நிலைமை. இதுல தானா மேல வருவானாம்!

மூணு: "குஹாட் வசதியான வீட்டுப் பையன், அமெரிக்காவுல படிச்சவன், அவனால முடியும்." இது மட்டும் உண்மை. ஒத்துக்கறேன். இங்கிலீஷ்ல எழுதினதாலதான் ஒபாமா வரைக்கும் போச்சுங்கறதும் உண்மை. ஆனா அதுல இருந்து என்ன புரியணும்? பணம் இருக்கறவன் எட்டு வருஷம் தாங்குவான். பஸ்ல வேலைக்குப் போற அம்மாவோட பையன் தாங்க மாட்டான். அப்போ நாம கேட்க வேண்டியது யாரை? வசதி இல்லாதவனுக்குத்தான் கேட்கற கூட்டம் அதிகம் வேணும். நாம அவனைத்தான் பல்லவியோட உக்கார வெச்சோம்.

உடனே 'சினிமாப் பாட்டு கேக்குறது தப்பா?'ன்னு சண்டைக்கு வராதீங்க. நானும் கேக்குறேன். ஷான் ரோல்டன் தன் குழுவோட பாடிக்கிட்டு இருந்துட்டு 2014-ல சினிமாவுக்குப் போனார், நல்ல பாட்டு கொடுத்தார், சந்தோஷம். கதவு இருக்கறது தப்பில்ல. இருக்கறதே ஒரே கதவுங்கறதுதான் பிரச்சினை. சினிமாப் பாட்டுல காதல், பிரிவு, ஹீரோ அறிமுகம் எல்லாம் வரும், ஏன்னா கதைக்கு அது வேணும். கோரிமேட்டுல பஸ்ஸுக்கு நிக்கிற ஒரு அம்மா எந்த ஹீரோ படத்துக்கு வேணும்? அவங்களைப் பத்தி அவங்க பையன்தான் பாடணும். வேற யாரும் பாட மாட்டாங்க.

இதுல பெரிய காமெடி, நாம இருக்கறது புதுச்சேரியில. தெருவுல யார் வேணா வந்து பாடலாம்னு பிரான்ஸ்ல 1982-ல ஆரம்பிச்ச இசைத் திருவிழா, ஃபெத் த லா முசீக், ஜூன் 21-ல நம்ம ஊர்லயும் நடக்குது. வெள்ளைக்காரத் தெருவுல யாரோ முகம் தெரியாத ஆள் புரியாத பாஷையில பாடினா, நின்னு போட்டோ எடுத்து, கை தட்டிட்டு வர்றோம். அங்க எவனும் 'சினிமாப் பாட்டு பாடு'ன்னு கத்தறதில்ல. ஆக, பொறுமையா கேட்க நமக்குத் தெரியாம இல்ல. நம்ம பையனுக்குத்தான் அதைக் கொடுக்க மனசு வரல.

பெருசா எதுவும் பண்ணச் சொல்லல. அடுத்த தடவை எவனாவது சொந்தப் பாட்டோட மேடை ஏறினா, அஞ்சு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு இருங்க. நல்லா இல்லன்னா முடிஞ்சப்புறம் சொல்லுங்க. முழுசா கேட்டுட்டுச் சொல்லுங்க.

மச்சான், நீ இதைப் படிப்பேன்னு தெரியும். அன்னைக்குக் கத்தினதுக்கு மன்னிச்சுக்கோ. அதுக்கப்புறம் நீ கிடாரை காலேஜுக்கு எடுத்துட்டு வரவே இல்ல. உங்க அம்மா பஸ் ஏறினதுக்கு அப்புறம் அந்தப் பாட்டுல என்ன ஆச்சுன்னு எனக்கு இன்னும் தெரியாது. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரேன். பாடிக் காட்டு.