எல்லாக் கம்பியும் சென்னைக்கே போக வேண்டுமா?

நீளமான பதிவு. வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கியவர்கள் இங்கேயும் தூங்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நம் பள்ளியில் படித்த ஒருவன் நெல்லைப் பக்கம் கேபிள் இன்டர்நெட் நடத்துகிறான். அவனுடைய வாடிக்கையாளரிடமிருந்து பக்கத்துத் தெருவில் வேறு கம்பெனி இணைப்பு வைத்திருப்பவருக்குத் தகவல் போனால், அது சென்னை போய்த் திரும்பி வருகிறது. அந்த வழிக்கு மாதாமாதம் வாடகை கட்டுகிறான். "நாங்கள் இங்கேயே ஓரிடத்தில் இணைத்துக்கொண்டால் என்ன சார்?" என்று நம் வாட்ஸ்அப் குழுவில் கேட்டான். சென்னையில் பெரிய கம்பெனியில் இருக்கும் இன்னொரு மாணவன் உடனே பதில் போட்டான்: "எல்லாரும் சென்னையில்தான் இருக்காங்க. அங்க வர முடியாதவன் இந்தத் தொழிலுக்கே வரக்கூடாது."

தம்பி, உன் பதில் தப்பு. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் உன் பக்க நியாயம். சிங்கப்பூரிலிருந்து வரும் கடலடிக் கேபிள்கள் சென்னைக் கரையில் ஏறுகின்றன. அதனால் அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் டேட்டா சென்டர்கள் வந்தன. கூட்டம் இருக்கும் இடத்துக்குத்தான் கூட்டம் சேரும். வேகத்தையும் நான் குறையாகச் சொல்லவில்லை. ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். நெல்லையிலிருந்து சென்னைக்குச் சுமார் 620 கிலோமீட்டர். போய்வர 6 மில்லிசெகண்ட் சொச்சம். கண் இமைக்க அதைவிட அதிக நேரம் ஆகும்.

குறை காசில் இருக்கிறது. பெரிய கம்பெனிக்குச் சொந்த ஃபைபர் உண்டு. சின்னவன் அதே பெரிய கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்து, அதே கம்பெனியோடு வாடிக்கையாளருக்காகப் போட்டி போடுகிறான். சென்னை போய்ச் சேர்ந்தாலும் செலவு முடிவதில்லை. டேட்டா சென்டரில் ராக்குக்கு வாடகை, கரண்டுக்குத் தனி. அப்புறம் 'கிராஸ் கனெக்ட்'. ஒரே கட்டடத்துக்குள் இந்த ராக்கிலிருந்து அந்த ராக்குக்குப் போகும் சில மீட்டர் வயர். பல இடங்களில் அதற்கும் மாத வாடகை! மளிகைக் கடைக்காரர் பைக்கு மாத வாடகை கேட்டால் சும்மா விடுவோமா?

உறவுக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், இந்த இணைப்பு மையம் ஒரு பஸ் ஸ்டாண்டு. எல்லாக் கம்பெனி பஸ்ஸும் வந்து நின்று பயணிகளை மாற்றிக்கொள்ளும் இடம். ஒரே பஸ் முதலாளிக்குச் சொந்தமான ஸ்டாண்டில் மற்றவர்கள் பஸ்ஸை நிம்மதியாக நிறுத்துவார்களா?

1994-ல் லண்டனில் ஐந்து இணைய நிறுவனங்கள் டாக்லண்ட்ஸ் பகுதியில் ஒரே கட்டடத்தில் கம்பிகளை இணைத்தன. அதுவரை லண்டனில் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் தகவல் அமெரிக்கா போய் வந்துகொண்டிருந்தது. அன்று அமெரிக்காக்காரர்கள் "எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம், நீங்கள் வாருங்கள்" என்று சொல்லியிருக்க மாட்டார்களா? கென்யாவில் இன்னும் மோசம். 2000 நவம்பரில் நைரோபியில் மையம் தொடங்கினார்கள். அரசுத் தொலைபேசி நிறுவனம் தன் ஏகபோக உரிமை போகிறது என்று புகார் கொடுக்க, சில வாரங்களில் மூடிவிட்டார்கள். 2002-ல்தான் மறுபடி திறந்தது. மூடச் சொன்னது யார் என்பதைக் கவனியுங்கள். வாடகை வாங்கிக்கொண்டிருந்தவர்!

நம் நாட்டில் 2003-ல் நிக்சி வந்தது. முதலில் பெருநகரங்கள், இப்போது சிறிய ஊர்களிலும் மையம் திறக்கிறார்கள். நல்லது. ஆனால் பெட்டியை வைத்து ரிப்பன் வெட்டினால் மட்டும் பஸ் வந்துவிடாது. அந்தக் கட்டடத்துக்குள் எந்தக் கம்பெனியின் ஃபைபரும் தடையில்லாமல் நுழைய வேண்டும். ஃபைபர் இரண்டு தனித்தனிப் பாதையில் வர வேண்டும். ஜே.சி.பி. ஒரு பக்கம் தோண்டினால் மறுபக்கம் பிழைக்கும். மழைத்தண்ணீர் ஏறாத மேடு வேண்டும். சின்னவர்கள் பத்துப் பேர் ஓரிடத்தில் சேர்ந்தால், கூகுள், நெட்ஃபிளிக்ஸ் போன்றவர்களின் வீடியோ சேமிப்புப் பெட்டியை அங்கேயே வைக்கச் சொல்லிக் கேட்கலாம். தனித்தனியாகப் போனால், "உங்களிடம் அவ்வளவு டிராஃபிக் இல்லையே" என்று திருப்பி அனுப்புவார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் வர்தா புயல். சென்னையில் போனும் நெட்டும் படுத்த நாட்கள் நினைவிருக்கிறதா? எல்லாம் சென்னை வழியாகத்தான் என்றால், அங்கே புயல் அடிக்கும்போது இங்கே வெயிலில் உட்கார்ந்திருப்பவனுக்கும் நெட் நிற்கும்.

பெரிய கம்பெனிகளில் இருக்கும் என் மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மதுரையிலோ நெல்லையிலோ பொதுவான ஒரு கட்டடத்தில் உங்கள் கம்பெனி ஒரு போர்ட் போட்டு, சின்ன ஆபரேட்டர்களோடு நேராக இணைய என்ன தடை? தொழில்நுட்பமா, மேலிடமா? கீழே கமெண்டில் எழுதுங்கள். "பார்க்கலாம் சார்" என்று மட்டும் போடாதீர்கள். முப்பத்தைந்து வருஷம் அதைக் கேட்டாகிவிட்டது.